தபசு காலத்தில் பெருத்த நாய்

உப்பு, புளி, மிளகாய் எதுவும் சேராமல் வெறும் தண்ணீரில் சுறா வேகும்போது ஒரு வாடை கிளம்பும். கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரைக்கும் ஈரம் காயாத கருவாட்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற அந்த வாடை, எழுபதுகளில் ஒரு தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டுத் தலையணை உறைகளிலும் என் பள்ளிக்கூடத் தாவணியிலும் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தால் நான் ஒன்றும் விளக்கம் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் நாய்க்கு உடம்பைக் குறைக்கிறார்கள் என்று சொன்னால், உடம்பு ஏறுவதற்கே வழி தெரியாமல் வீட்டுக்கு வீடு மீன் எண்ணெய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்?

நாயின் பெயர் சீசர். துறைமுகத்துப் பக்கம் உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றின் அடியில் கிடந்ததை என் அண்ணன் சாமுவேல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பிறகு அண்ணனுக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்தது. பம்பாய்க்கு ரயிலேறிய அன்று, "எம்மா, நான் வாரது வரைக்கும் இவன நல்லா பாத்துக்கிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நல்லா பார்த்துக்கொள்வது என்றால் எங்கள் அம்மாவின் அகராதியில் சோறு போடுவது என்று பொருள். எந்தக் கடலில் எதைத் தின்கிறானோ என்று தெரியாத மகனுக்குப் போட முடியாத அத்தனையையும் அம்மா சீசருக்குப் போட்டாள். காலையில் தேயிலைத் தண்ணீரில் நனைத்த பன், மத்தியானம் தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோறு, ராத்திரி மிச்சம் மீதி எல்லாம் என்று ஓராண்டுக்குள் நாய்க்கு இடுப்பு என்ற பாகமே இல்லாமல் போயிற்று. பின்னாலிருந்து பார்த்தால் நான்கு கால் முளைத்த அம்மியைப் போல இருக்கும். வாசல் படி ஏறுவதற்குள் நாக்கு முழுதும் வெளியே வந்து, கொல்லன் துருத்தி போல மூச்சு வாங்கும்.

தை மாதக் கடைசியில் அப்பா அதை "மாட்டாஸ்பத்திரி"க்கு நடத்திக்கொண்டு போனார். டாக்டர் விலா எலும்பைத் தேடி விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். "கோடை ஏறுததுக்குள்ள உடம்பு எறங்கணும் சார். இந்த மூச்ச வச்சிக்கிட்டு நம்மூரு வெயில இவன் தாங்க மாட்டான்" என்றார். அண்ணன் ஒப்பந்தம் முடிந்து வருவதாக எழுதியிருந்ததும் அந்தக் கோடையில்தான். அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பெற்ற பிள்ளை கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது. வாசலில் வந்து நின்று சீசர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்பதே அவளுடைய கவலையாக இருந்தது.

அப்பா ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் தலைமை எழுத்தர். உலகில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு நடைமுறை உண்டு, அதைப் பிசகாமல் செய்தால் பலன் தானாக வரும் என்று நம்பியவர். இந்த நோயை நானும் அவரிடமிருந்துதான் வாங்கிக்கொண்டேன்; அரசாங்க உத்தியோகத்தில் முடி நரைத்து வெளியே வந்த பிறகும் அது தீரவில்லை. நாய்க்கு எந்தத் தீனி ஆகும், எது ஆகாது என்று அவர் டாக்டரிடம் கேட்டார், மீன் கடையில் கேட்டார், கடைசியில் தாமே முடிவு செய்தார். சாளை மீன் வேண்டாம், அதில் நெய் மிதக்கிறது. சுறாவில் கொழுப்பும் இல்லை, தொண்டையில் குத்துகிற முள்ளும் இல்லை. சோறு பாதியாகும். குறைந்த பாதியில் வயிறு ஏமாறாதபடி பூசணிக்காயும் சுரைக்காயும் வேகவைத்துப் பிசைந்து போட வேண்டும். தேங்காய், எண்ணெய், பன் மூன்றும் ரத்து. காலையும் மாலையும் உழக்கில் அளந்து இரண்டு வேளை. உழக்குக்கு மேல் கும்பம் கட்டக்கூடாது. எல்லாம் சரியான ஏற்பாடுதான். இன்றைக்கு எந்த டாக்டரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்.

சுறாத் தோலை உரிப்பதற்குள் அம்மாவுக்குக் கை எரிந்துவிடும். அதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த அடுத்த வீட்டு ரோஸ்லின் அக்கா, "பிள்ள பெத்தவளுக்குப் பால் சொரக்கப் போடுத சுறாவ நாய்க்கா போடுதிய? நல்லாருக்கே கூத்து!" என்று சிரித்தாள். சீசரோ சுறாவை மட்டும் தேர்ந்து தின்றுவிட்டு, பூசணிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்து தட்டுக்கு வெளியே வைத்துவிடும். "ஏளா, அந்தப் பூசணிக்காயப் பெறக்கி உள்ள போடு, உங்கப்பா வாரதுக்குள்ள" என்று அம்மா என்னை ஏவுவாள். பெறக்கிப் போடுவேன். மறுபடி வெளியே வைக்கும். அந்த வயதிலேயே எனக்கு உத்தியோகத்தின் சாரம் பிடிபட்டுவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் அப்பா என்னையும் நாயையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போவார். உப்பு மூட்டை நிறுக்கும் தராசில் சீசரை ஏற்றி நிறுப்பது வழக்கமாயிற்று. சுமை தூக்குகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நிற்பார்கள். "அண்ணாச்சி, இந்த மூட்டைக்கு வாயத் தைக்கலியா?" என்று ஒருவர் கேட்பார். "ஏலே, தராசு தாங்குமான்னு பாத்துக்கோ" என்பார் இன்னொருவர். அப்பா சிரிக்க மாட்டார். முதல் சனிக்கிழமையைவிட அடுத்த சனிக்கிழமை முள் ஏறி நின்றது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஏறியது.

நடைமுறையில் பிழையில்லை என்றால் நடைமுறைப்படுத்துகிறவரிடம் பிழை என்பது அலுவலகத் தர்மம். அப்பா அம்மாவைப் பார்த்தார். "எம் மவன் நாய்க்கு நானே எமனாவேன்னு நெனச்சியளா?" என்று கேட்ட அம்மா, அதன்பின் சில நாள் அவருக்குத் தட்டு வைப்பதோடு சரி, பேச்சு வைக்கவில்லை. நாயைக் கட்டிப்போட்டால் அது வேளை தவறாமல் ஊளையிட்டது. சாவு விழுந்த துஷ்டி வீடு போல இருக்கிறதென்று தெருவே குறைபட்டது. அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று.

ஆகவே விசாரணை. எங்கள் தெருவில் நாங்கள் மட்டுமே கடலை விட்டுத் தள்ளியிருந்த நாசரேத்து ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த புரொட்டஸ்டண்டு குடும்பம். மற்றவர்கள் எல்லோரும் கடலோடும் கப்பலோடும் பிழைத்த கத்தோலிக்கர்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நோன்பு நாட்கள் எங்களுக்கு "லெந்து", அவர்களுக்குத் "தபசு காலம்". எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள் சோகமாக மாறுவதோடு முடிந்துவிடும். அவர்களுக்கு அப்படியில்லை, வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத "சுத்தபோசனம்", ஒருவேளை மட்டும் உண்கிற "ஒருசந்தி" என்று தெருவே வயிற்றைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரம். அப்பா வீடு வீடாகப் போய், நாய்க்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். "நாங்களே அரை வயிறு, நாய்க்கு எங்கன இருந்து அண்ணாச்சி போட?" என்றாள் ரோஸ்லின் அக்கா. அவர்கள் முகத்தில் பொய் இல்லை என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். உண்மையிலேயே இல்லைதான். தவறான கேள்விக்கு மனிதர்கள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள் என்பதைப் பின்னால் எத்தனையோ விசாரணைக் கோப்புகளில் நான் கண்டிருக்கிறேன்.

மாசி போய்ப் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியது. சீசர் படி ஏறுவதை விட்டுவிட்டு, கீழேயே தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தால் விசிறிக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை, தராசில் பழைய அவமானத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கத்துச் சந்து வழியாக நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். அதுவரை அப்பாவால் இழுத்துக்கொண்டு வரப்பட்ட நாய், ரோஸ்லின் அக்கா வீட்டுப் பின்வாசல் கிட்டே வந்ததும் அப்பாவை இழுக்க ஆரம்பித்தது. வாசலுக்கு நேராகப் போய், மணியடித்துவிட்டுக் காத்திருக்கும் தபால்காரர் போலக் கம்பீரமாக உட்கார்ந்தது. கதவு திறந்தது. முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி வந்த ரோஸ்லின் அக்கா, குனிந்து, இலைக்கிழிசலில் வறுத்த சீலா மீன் துண்டு ஒன்றை நாயின் முன் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவரோரமாக அப்பா நின்றார்.

"போடலேன்னு சொன்னியளே மதினி" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"நான் எங்க அண்ணாச்சி போட்டேன்?" என்றாள் ரோஸ்லின் அக்கா, உண்மையான வியப்போடு. "வறுத்த மீன இந்தத் தபசுக்கு நான் விட்டாச்சுல்லா. இது என் ஒறுத்தல். விட்டப்பெறவு அது என்னுதா? ஆண்டவருக்குள்ளது. மாமி எனக்கும் சேத்து ஒரு துண்டு வச்சிருதாவ. வேண்டாம்னா ஏன்னு கேப்பாவ. சொன்னா ஒறுத்தலுக்குப் பலன் போயிரும். குப்பையில எறிய மனசு வருமா? இவன் சரியா அந்நேரத்துக்கு வந்து நிக்கான்."

"ஆண்டவருக்குள்ளத எங்க வீட்டு நாய்க்கா போடுதிய?"

"பின்ன? நீங்க வேற சபைன்னு நாங்க என்னைக்காவது வித்தியாசம் பாத்தமா?"

அப்பா சங்கிலியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். மற்ற வீடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டதற்கு, "அவிய அவிய ஒறுத்தல் அவிய அவியளுக்கு. தெரிஞ்சாலும் நான் சொல்லப்பிடாது" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சங்கிலியைத் தளர்த்திவிட்டதும் சீசர் தானாகவே அடுத்த பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்தது. பிறகு அதற்கடுத்தது. ஓரிடத்தில் பரோட்டா விட்டவர், ஓரிடத்தில் முட்டை விட்டவர், பேக்கரி மக்ரூனை இயேசுவுக்காகத் துறந்த ஒரு சின்னப் பெண். தபசு என்றால் விரும்பியதை விட வேண்டும், விட்டதை யாருக்கும் சொல்லக்கூடாது; சொன்னால் புண்ணியம் இல்லை. அதனால் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு தெரியாமல், ஒரு வீட்டுக்குள்ளேயே மாமியாருக்கு மருமகள் தெரியாமல், ஒரு தெருவே தின்னாமல் விட்டதை ஒரே ஒரு நாய் தின்றுகொண்டிருந்தது.

யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. போடாதீர்கள் என்று சொன்னால், போடுகிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும், ஒப்புக்கொண்டால் அவர்களுடைய தபசு கெடும். அப்பா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். எங்கள் பின்சுவர் மேல், நாய்க்கு எட்டாத உயரத்தில், மூடிபோட்ட மண்பானை ஒன்றை வைத்தார். வீடு வீடாகப் போய், "நீங்க போடுதியன்னு நான் சொல்ல வரல. யாருக்காவது ஒறுத்தல் பண்டம் கையில மிஞ்சிச்சின்னா அந்தப் பானையில போட்டிரலாம். யாரு போட்டான்னு எங்க வீட்டுல எட்டிப் பாக்க மாட்டோம்" என்று ஒரே வாசகத்தை ஒப்பித்தார். சாயங்காலமானால் அம்மா அதை இறக்கிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் கையேந்தி இருக்கிறவர்களுக்குப் பரிமாறுவாள். சுறாத் தோல் உரிப்பதோடு இதுவும் அவள் தலையில் விழுந்தது. ஏற்பாடு செய்கிறவர்கள் ஆண்களாகவும் அதைச் சுமக்கிறவர்கள் பெண்களாகவும் இருப்பது எந்தச் சபையிலும் ஒன்றுதான்.

பானை நிரம்பிற்று. சீசர் பின்வாசல்களில் போய் உட்காரும். கதவு திறக்கும், ஆள் வருவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு பானையை நோக்கி நடப்பார். நாய் அவர் பின்னாலேயே வந்து பானைக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். "மீன விடுதது ஒரு ஒறுத்தலா அண்ணாச்சி! இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போடாம போறோம் பாத்தியளா, இதுதான் ஒறுத்தல்" என்று ரோஸ்லின் அக்கா ஒருநாள் கண்ணைத் துடைத்தாள். குருத்தோலை ஞாயிறு வாக்கில் நாய் பூசணிக்காயைத் தின்ன ஆரம்பித்தது. தராசு முள் இறங்கியது. உயிர்த்த ஞாயிறன்று விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டதாக அம்மா ஓடிவந்து சொன்னாள். பிள்ளை பிறந்த செய்திபோல் இருந்தது.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அண்ணன் வந்து இறங்கினான். தெருமுனையிலேயே மணம் பிடித்துவிட்ட சீசர், படியை ஒரே தாவலில் தாண்டி ஓடி, பெட்டியோடு அவனைக் கீழே தள்ளியது. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அத்தனை மாதமும் இல்லாத ஒரு தெளிச்சி. அண்ணன் நாயைத் தூக்கி, முதுகைத் தடவி, விலாவைத் தடவி, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான்.

"ஏம்மா, இவன் என்ன இப்பிடி வத்திப் போயிட்டான்? சோறே போடலியா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் சட்டியில் எண்ணெய் பொரியும் ஓசை கேட்டது. தேங்காய் துருவும் ஓசையும் கேட்டது. அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இப்போது நான் இருப்பது அதே ஊரில், அடுக்குமாடியில். எதிர்வீட்டில் பெருத்த நாய் ஒன்று இருக்கிறது. உடம்பு குறைப்பதற்கென்றே உருண்டை உருண்டையாகத் தீனி பையில் விற்கிறார்கள். எந்த எடைக்கு எத்தனை என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த நாய் மூன்றே மாதத்தில் இளைத்துவிட்டது. யாரும் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ரோஸ்லின் அக்கா வீடு இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

போன மாதம் டாக்டர் எனக்கும் எடையைக் குறைக்கச் சொன்னார். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, சோறு பாதி, பாக்கிக்குச் சுரைக்காய். நடைமுறை எனக்கு அத்துப்படி. அப்பாவின் உழக்கும் கைவசம் இருக்கிறது. இந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. ஒரு சிக்கலும் இல்லாமல் எடை ஒழுங்காகக் குறைந்து வருகிறது.