வேம்பு துளிர்க்காத பங்குனி

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. மிளகாய்க் காட்டில் வேலை இல்லாத நாளில் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள் என்று மனைவி சொல்வாள். அந்தப் பங்குனியில் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. அவளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கொத்துப் பச்சை வேப்பிலை எங்கள் ஊரில் கிடைக்கவில்லை.

ராமநாதபுரம் சீமையில் வேப்பிலை கிடைக்கவில்லை என்பது, தேவிபட்டினம் கடற்கரையில் நின்றுகொண்டு மணல் கிடைக்கவில்லை என்று சொல்வது மாதிரி. ஆனாலும் அதுதான் நடந்தது. சில வருடங்களாகவே ஐப்பசி, கார்த்திகையில் வேம்பின் நுனிக் கொழுந்துகள் தீய்ந்ததுபோலக் கருகும். தை பிறந்து வெயில் ஏறினால் மறுபடி துளிர்த்துவிடும். நாங்களும் பழகிப்போனோம். இந்த முறை மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய்க்குள் வெடிப்பு விழுந்து, தை போய், மாசியும் போனது. துளிர் வரவில்லை. வேப்பம்பூ கொட்டிக் கிடக்க வேண்டிய பங்குனியில், ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் காப்பித்தூள் நிறத்தில் நின்றன. நடுவில் சீமைக்கருவேலம் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. எதை ஒழிக்க வேண்டும் என்று ஊரே கரித்துக்கொட்டியதோ, அதற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

வேளாண்மை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி, பேர்தான் கொசு, இளங்கொழுந்தில் சாறு உறிஞ்சுகிறது என்றார் அதிகாரி. அது குத்திய காயத்தில் பூஞ்சை ஏறுகிறதாம். மண்ணில் ஈரம் இருந்தால் மரம் தானே தேறிவிடும், ஈரம் இல்லாதபோது தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, மழைக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். வேண்டிக்கொள்ள எங்கள் ஊரில் கோயில் இருக்கிறது, அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

மகளை ராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கைக்குழந்தையோடு எங்களைப் பார்க்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, மறுநாள் முத்து முத்தாகப் போட்டுவிட்டது. அன்றைக்கே மாப்பிள்ளை வந்து குழந்தையைத் தூக்கிப் போய்விட்டார். இன்னும் தாய்ப்பால் மறக்காத பிள்ளை. பால் கட்டிக்கொண்ட வலியில் இவள் இங்கே சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். போனில் முகம் காட்டினால் அங்கே பேரன் திரையை நக்கினான். பிறகு போன் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. பொருக்குத் தட்டிவிட்டது, இனிமேல் பிள்ளையைத் தூக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் தண்ணீர் ஊற்றாமல் அம்மை இறங்கியதாக எங்கள் பக்கம் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயிலில் காயவைத்து ஊற்ற வேண்டும். அதுவரை வீட்டில் தாளிப்புக் கிடையாது, மீன் கிடையாது, பிள்ளையைத் தொடக்கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து சம்பந்தியம்மா தினமும் போனில் தண்ணீர் ஊற்றியாச்சா என்று கேட்டார். இலைக்கு எங்கே போவது என்று என் மனைவி தினமும் அதே பதிலைச் சொன்னாள்.

வாசல் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிறதே, அதை அள்ளிப் போடேன் என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கூட்டிக் கொட்டுகிற குப்பையையா ஆத்தாவுக்குப் போடச் சொல்கிறீர்கள் என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று நான் பார்த்த வேம்புகளை எல்லாம் இப்போதும் என்னால் இடம் காட்ட முடியும். ராமநாதபுரம் சந்தையில் ஒரு பூக்காரம்மா மேற்கேயிருந்து சாக்கில் இலை வரவழைத்திருந்தார். பஸ்ஸில் வந்த சூட்டில் அது வெந்து கறுத்துப்போயிருந்தது. அதையும் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அபிராமம் வரைக்கும் போனேன். ஊருக்கு வெளியே ஓர் அம்மன் கோயில் வேம்பில் ஒரே ஒரு கிளை பச்சையாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். மரத்தைச் சுற்றி முள் அடைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு கொத்துதான் கேட்டேன்.

அவர் மறுப்பதற்குக் கூச்சப்பட்டார். "ஒரு கொத்துன்னுதாண்ணே எல்லாரும் ஒடிச்சாக. மேல பாருங்க, அங்கன எத்தனை மொட்டைன்னு. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார்.

பார்த்தேன். எட்டுகிற உயரத்துக் கிளையெல்லாம் ஒடிந்து நின்றது. என்னைப் போலவே வீட்டில் ஒரு பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு அலைந்தவர்கள் ஒடித்தது. முள்ளைத் தாண்டிக் கை நீட்டினால் அந்தப் பெண் தடுத்திருக்க மாட்டார். எனக்கு மனசு வரவில்லை. வரவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் மரங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் ஒரு லாரிக்குள் போயிருப்பேன்.

வெறுங்கையோடு வந்து நின்றபோது மகள் எழுந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் போகப்போகிறேன் என்றாள். இலை இல்லாமல் போய் நின்றால் உன் மாமியார் வீட்டில் பிள்ளையைத் தருவார்களா என்று அவள் அம்மா கேட்டாள்.

"மரத்துக்கே சீக்கும்மா. அது எனக்கு என்னத்தக் குடுக்கும்? எனக்கு எம்புள்ள வேணும்."

இதைச் சொல்லிவிட்டு மகள் ஓவென்று அழுதாள். பயந்துபோனேன். கல்யாணத்தில்கூட அவள் அப்படி அழுததில்லை. என் மனைவி வெளியே போனாள். வாசல் மரத்தடியில் குனிந்து நல்லதாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள். பூச்சி அரித்தது, மண் ஒட்டியது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, காம்போடு உதிர்ந்த பழுப்பு இலைகளை மட்டும் முந்தானையில் சேர்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்த வருசம் இங்கன இதுதான் இருக்குன்னு ஆத்தாவுக்குத் தெரியாதா" என்றாள், என்னைப் பார்க்காமலே.

இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரை மறுநாள் காலை அண்டாவில் பிடித்து வெயிலில் வைத்தோம். காய்ந்த இலை முதலில் மிதந்தது, பிறகு ஊறி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. வழக்கமாகப் பின்கட்டில்தான் ஊற்றுவார்கள். என் மனைவி மணையை வாசல் மரத்தின் தூரிலேயே போட்டு, சுற்றிலும் சேலையைக் கட்டி மறைத்து, அங்கேயே மகளை உட்காரவைத்தாள். சேலைக்கு அடியில் வழிந்து வந்த தண்ணீரை அந்த மண் ஒரு நொடியில் உறிஞ்சிவிட்டது. ஒரே தண்ணீரை மகளுக்கும் மரத்துக்கும் சேர்த்து ஊற்றுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளைக் கேட்டிருந்தால், நிழலுக்காகப் போட்டேன் என்று சொல்லியிருப்பாள்.

அன்று மதியமே மகளைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். பாம்பன் பாலத்தில் காற்று அடித்தபோதும் அவள் கடலைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா பழைய முறையில் ஊறியவர். கேட்டால் பொய் சொல்வதா, மெய் சொல்வதா என்று வழியெல்லாம் மனசு அலைந்தது.

வாசலிலேயே கேட்டுவிட்டார். "வேப்பிலை போட்டு ஊத்துனீகளாண்ணே?"

"ஊத்தியாச்சும்மா. எங்க வாசல் மரத்து இலைதான்" என்றேன்.

என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு வேம்பும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் அதே பழுப்பாக நின்றது. அவர் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பேரனைத் தூக்கி வந்து மகளின் கையில் கொடுத்தார்.

குழந்தைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உற்றுப் பார்த்தான். பிறகு அவள் தலைமுடிக்குள் கையை விட்டு இழுத்தான். ஈரத்தில் ஒட்டியிருந்த ஒரு பழுப்பு இலைத் துணுக்கு அவன் விரலோடு வந்தது. மகள் தடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டான். அவள் பதறி விரலை விட்டு எடுத்தாள். அவன் முகம் அஷ்டகோணலாகச் சுருங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அழத் தொடங்கினான்.

நான் தெருவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். பிள்ளையைத் தூக்கிவிட்டாள் என்று சொன்னேன். அப்புறம், நம்ம மரம் இன்னும் கசக்குது என்றும் சொன்னேன்.