பிக்கப்பை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

பூந்தமல்லி பக்கத்தில் இருக்கும் எங்கள் சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுக்குழுவின் ஒத்திகை நடக்கும். நான் அங்கே எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். பதினைந்து வருஷமாக வாசிப்பதால் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் ஆள் நான் இல்லை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை, பாட்டின் நடுவே தடித்த கம்பியை, கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அமுக்கி மீட்டினேன். ஒரு சுரம் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று அதை ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பிசகி இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கின. மறுபடி மீட்டினேன். அதேதான்.

வேறு யாராவது என்றால் கிடாரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என் காதைச் சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவர் பிரஸ் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக நான் செட்டர். தகட்டை வெட்டுகிற அச்சை, நாங்கள் டை என்போம், பிரஸ்ஸில் பூட்டி, சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது என் வேலை. காதில் அடைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது என் கழுத்தில் தொங்கும். டை தேய்ந்தால் அடி விழும் சத்தம் மாறும், அதைக் கேட்காமல் எப்படி செட் பண்ணுவது என்று சூப்பர்வைசரிடமே சண்டை போட்டிருக்கிறேன். அதை ஒரு கெத்தாகவே வைத்திருந்தேன்.

எனக்குப் பக்கத்துப் பிரஸ்ஸில் ஒரு நண்பன் இருந்தான். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "மச்சான், போன் அடிச்சா இந்தக் காதுல ஒரு மாதிரி கேக்குது, அந்தக் காதுல வேற மாதிரி கேக்குது. ரெண்டு போன் கீற மாதிரி கீது." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ரெண்டு போன் வைத்திருப்பவனெல்லாம் பணக்காரன்டா என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். இரண்டே வருஷத்தில் அவனைக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட வேண்டும் என்றாகிவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறான். பேரப்பிள்ளை பேசினால் வாயையே பார்த்துக்கொண்டு சிரிக்கிறான். என்ன சொன்னது என்று அவனுக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் அந்த இரண்டு சுரத்தைக் கேட்டதும் எனக்கு அவன் நினைப்பு வந்தது. பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் தம்பி என்னிடம் வந்தான். திருநெல்வேலிக்காரன், ஐடியில் வேலை, மரியாதை தெரிந்தவன். "அண்ணே, தப்பா நெனைக்காதீய. கிடார் சத்தம் இப்பல்லாம் கொஞ்சம் குத்துத மாதிரி இருக்கு," என்றான். "நீ ஒன் வேலைய பாருப்பா," என்று எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. நான் இருந்த நிலையில் அதைக் கவனிக்க முடியவில்லை.

அடுத்த எட்டு நாளும் பயத்திலேயே போயின. பட்டறையில் ஒவ்வொரு காதாகப் பொத்தி, பிரஸ் அடிப்பதைக் கேட்டுப் பார்ப்பேன். நூம்பலில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வெளியே நின்று, குக்கர் விசில் இடது காதில் எப்படி, வலது காதில் எப்படி என்று ஒப்பிடுவேன். ஒரு சமயம் ஒரே மாதிரி இருக்கும், ஒரு சமயம் வித்தியாசமாகத் தோன்றும். மகள் போனில் பேசும்போது அவள் சொல்வதைவிட அவள் குரல் ஒன்றாகக் கேட்கிறதா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. காதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடாரை எடுத்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாள்தான் தாங்குவது?

"இத்த கொஞ்சம் கேளு," என்று அதே இடத்தில் மீட்டினேன். "எத்தினி சவுண்டு கேக்குது ஒனக்கு?"

"இன்னாது எத்தினி?"

"கேளேன்."

மறுபடி மீட்டினேன்.

"ஆடுது," என்றாள். "ஸ்டார்ட் ஆவாத ஆட்டோ மாதிரி நடுங்கிகினு கீது."

"ஒனக்கும் நடுங்குதா?"

"செவுடனுக்குக்கூட கேக்கும்யா. இன்னாத்துக்கு இப்போ கண்ணு கலங்குற?"

போனில் சுருதி பார்க்கும் ஆப்பின் முள்ளை வைத்துப் பார்த்தேன். முள்ளும் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது. போனுக்குமா காது போய்விட்டது? கிடார்தான் கெட்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி துணியை எடுத்தாள்.

காரணத்தை போனில் ஒரு வீடியோ சொன்னது. கம்பிகளுக்குக் கீழே கிடாரின் உடம்பில் பதித்திருக்கும் கறுப்புப் பட்டைதான் பிக்கப். அதனுள்ளே கம்பிக்கு ஒன்றாகக் காந்தம் இருக்கும். கம்பியின் அதிர்வை அதுதான் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அது கம்பிக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டால், காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுக்கும். இழுபட்ட கம்பி சரியாக அதிராமல் இரண்டு குரலில் முனகும். பட்டையின் இரண்டு ஓரத்திலும் உள்ள திருகுகளைத் தளர்த்திக் கீழே இறக்கினால் போதும்.

கடைசி ஃபிரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு, காந்தத்தின் மேல் இரண்டு நாணயத்தை அடுக்கி இடைவெளியைப் பாருங்கள் என்றார் வீடியோவில் பேசிய வெள்ளைக்காரர். வைத்தேன். நம் ஊர் நாணயம் டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இடைவெளி அளக்கிற என் ஸ்டீல் கேஜும் போய் ஒட்டிக்கொண்டது. நான் செட்டர் அல்லவா, உயரம் சரிக்கட்ட டைக்கு அடியில் வைக்கிற மெல்லிய பித்தளைத் தகடு, ஷிம், பையில் இருந்தது. பித்தளையைக் காந்தம் சீண்டாது. அதை அளவாக வைத்து, தடித்த கம்பி ஓரத்தை இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாகவும், மெல்லிய கம்பி ஓரத்தை அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இறக்கினேன். திருகைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நான்கு சுற்று, ஐந்து சுற்று. அவ்வளவு மேலே ஏறியிருந்தது.

மீட்டினேன். நடுக்கம் போயே போய்விட்டது. ஒரே சுரம், நேராக நின்றது. முள்ளும் அசையாமல் நின்றது.

ஆனால் கிடார் மந்தமாகிவிட்டது. மெல்லிய கம்பிகள் எல்லாம் போர்வைக்கு உள்ளே இருந்து கேட்பது போல இருந்தன. ரொம்ப இறக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, மெல்லிய கம்பி ஓரத்துத் திருகைப் பிடித்து மறுபடி ஏற்றப் போனேன்.

"இப்பதான் நல்லா கீது, உட்டுடு," என்றாள் மனைவி. "இத்தினி நாளா ஊசி கணக்கா குத்திகினு இருந்துச்சி. சொன்னா நீ கத்துவ, அதான் சும்மா இருந்தேன். யாரு இத்த மேல ஏத்தி உட்டது?"

ஸ்குரூ டிரைவர் கையில் அப்படியே நின்றது. அந்தக் கிடாரை என்னைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு அரைச் சுற்று, அதற்கு முன்பு அறுப்புப் பண்டிகைக்கு ஒரு அரைச் சுற்று, அதற்கும் முன்பு எத்தனையோ தடவை. சத்தம் பளிச்சென்று இல்லை, இல்லை என்று நானேதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறேன். கீபோர்டுத் தம்பிக்கும் குத்தியிருக்கிறது, இவளுக்கும் குத்தியிருக்கிறது. எனக்கு மட்டும் அது போதவில்லை.

"நான்தான்," என்றேன். துணியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் பட்டறைக்குக் காது சோதிக்கிற வண்டி வந்தது. வருஷா வருஷம் வரும். ஆளை ஒரு சின்னக் கூண்டில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள் என்பதால் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கூண்டுக்குக் கண்ணாடி ஜன்னல் உண்டு. வெளியே இயந்திரத்தை இயக்குகிற பெண் சத்தத்தை அனுப்பும்போது அவள் தோள் லேசாக அசையும். தோள் அசைந்தால் அமுக்கிவிட வேண்டியதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை வரிசையில் நிற்கும்போதே சொல்லிக்கொடுப்பது நான்தான். ஒவ்வொரு வருஷமும் என் காது நன்றாக இருப்பதாகத்தான் தாளில் எழுதியிருக்கிறது.

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன்.

கனமான சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். கொஞ்சம் மெல்லியதாக ஒன்று வந்தது, அமுக்கினேன். பிறகு அமைதி. இயந்திரத்தில் ஏதோ மாற்றுகிறாள் போலிருக்கிறது என்று கண்ணைத் திறக்காமல் பொறுமையாகக் காத்திருந்தேன். வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது. கதவு திறந்து முகத்தில் காற்று பட்டது.

"தூங்கிட்டீங்களா சார்? சோதனை முடிஞ்சிருச்சு. கடைசியில வந்த கீச்சுச் சத்தம் எதுக்கும் நீங்க அமுக்கவே இல்லையே."

"தூங்கலம்மா. அடுத்த சத்தத்துக்காகத்தான் காத்துகினு கீறேன்."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை என் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தை நேராகப் பார்த்து, கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பித்தாள்.