பேருந்து நிலையத்தில் அரைத்த மாவு

சிங்கவரத்து ஜெயக்கொடி யாரையும் எளிதில் நம்பமாட்டாள். சுரைக்காய் வாங்கினாலும் நகத்தால் கீறிப் பார்த்துத்தான் வாங்குவாள். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அவள் கணவன் பார்த்திபன் நேர் எதிர். விளைச்சல் ஏலம் போகும் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவன். முகம் தெரியாத ஒருவனிடம் போனிலேயே பழைய மிக்ஸிக்குப் பணம் கட்ட, பார்சலில் மூடி மட்டும் வந்தது. மீதி பின்னால் வருமென்று ரொம்ப நாள் காத்துக்கொண்டும் இருந்தான்.

ஆகவே பழைய கிரைண்டர் ஒன்று வாங்கவேண்டி வந்தபோது போனை அவளே கையில் எடுத்து, விளம்பரம் போட்டிருந்தவர்களிடம் பேசினாள்.

முதலில் பேசியவன் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னான். மாற்றல் வந்துவிட்டதாம். முன்பணம் மட்டும் அனுப்பினால் கிரைண்டரை வீட்டுக்கே அனுப்பிவிடுவானாம்.

"பணம் அப்புறம். கிரைண்டர் மேல ஒரு முருங்கைக்காய வெச்சி போட்டோ அனுப்புங்க."

"முருங்கைக்காய் எதுக்கு மேடம்?"

"கிரைண்டர் உங்க கையில இருக்குதான்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

சற்று நேரத்தில் படம் வந்தது. அழகான முருங்கைக்காய்தான். ஆனால் தனியாகக் கிடந்தது, கிரைண்டரைக் காணோம். அவள் அந்த எண்ணை பிளாக் செய்தாள். பார்த்திபனுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், மிலிட்டரிக்காரரு. முருங்கைக்காய் கெடச்சதே பெரிசு" என்றான்.

அடுத்துப் பேசியவர் மேல்சித்தாமூர் சுந்தரமூர்த்தி. கிரைண்டர் மேல் முருங்கைக்காயை வைத்து ஒழுங்காகப் படம் அனுப்பினார். கூடவே, "நீயும் ஒரு கத்திரிக்காய கையில வெச்சிக்கினு போட்டோ அனுப்பும்மா. வாங்குறேன்னு சொல்லி ஏமாத்துறவங்களும் இருக்குறாங்க" என்றார். ஜெயக்கொடிக்கு அது நியாயமாகவே பட்டது. அனுப்பினாள்.

அவர் வீட்டுக்குப் போக அவளுக்குப் பயம். அவளை வரவிட அவருக்குப் பயம். கடைசியில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தை ஒட்டிய கோதண்டராமன் டீக்கடையில் சந்திப்பதென்று முடிவானது. அங்கே ஆள் நடமாட்டமும் உண்டு, பிளக்கும் உண்டு.

அவள் பார்த்திபனோடு வந்தாள். சுந்தரமூர்த்தி தன் மனைவி ராஜம்மாளோடு, கிரைண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜெயக்கொடி துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ராஜம்மாளைக் கிரைண்டரைப் பார்க்காமல் திரும்பி நிற்கச் சொன்னாள்.

"கிரைண்டர்ல அடிபட்டிருக்குதே, எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். இவரு கீழ போட்டது."

"நான் எங்க போட்டேன்? பூனை தள்ளுச்சி" என்றார் சுந்தரமூர்த்தி.

"அப்ப நம்ம வூட்ல பூனையே இல்ல!"

சண்டை வலுத்தது. ஜெயக்கொடிக்கு அப்போதுதான் மனம் குளிர்ந்தது. திருட்டுச் சாமானுக்கு இப்படிச் சண்டை வராது. பையிலிருந்து தூக்குவாளிகளை எடுத்தாள். ஒன்றில் ஊறிய உளுந்து, இன்னொன்றில் ஊறிய அரிசி.

"இங்கயா அரைக்கப்போற?" என்றார் கோதண்டராமன்.

"ஓடுதான்னு பாக்கணும்னா அரைச்சித்தானே ஆகணும்?"

உளுந்து பஞ்சாகப் பொங்கி வந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் மாவு என்ன விலை என்று கேட்டாள். கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"இன்னாம்மா இது? இவங்கள்லாம் யாரு?"

"தெரியாது சார்."

"தெரியாதவங்களோடயா உக்காந்து மாவு அரைக்கிற?"

"தெரியாதவங்கன்றதாலதான் சார் இங்க அரைக்கிறோம். தெரிஞ்சவங்கன்னா வூட்லயே அரைச்சிருப்போமே."

அவர் யோசித்துப் பார்த்தார். குற்றம் எதுவும் அகப்படவில்லை. ஒரு டீ சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

அரிசியைப் போட்டதும் வினை வந்தது. மோட்டார் ஓடியது, பாத்திரம் நின்றது. ரப்பர் கருகும் வாசனை. சுந்தரமூர்த்தி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நாங்க ரெண்டு பேரு. ஒரு தம்ளருக்கு மேல போட்டதே இல்ல."

அவர் முகத்தைப் பார்த்தால் பொய்யாகத் தோன்றவில்லை. ஆனாலும் ஜெயக்கொடி பணத்தை எடுக்கவில்லை. பாதி அரைந்த அரிசியோடு பாத்திரத்தைப் பார்த்திபன் தலையில் வைத்துக்கொள்ள, மோட்டார் பகுதியைச் சுந்தரமூர்த்தி தூக்கிக்கொள்ள, நால்வரும் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். பெல்ட் தேய்ந்திருந்தது. சுந்தரமூர்த்தி தன் செலவிலேயே புது பெல்ட் போட்டார். திரும்பி வந்து மிச்ச அரிசியையும் அரைத்தார்கள். போலீஸ்காரர் ஒரு துளியை விரலால் தொட்டு, "நைஸா இருக்குது" என்றார்.

பணம் கொடுப்பதிலும் இழுபறி. போனில் காட்டும் ரசீதைச் சுந்தரமூர்த்தி நம்பமாட்டார். அதைப் போலியாகச் செய்கிறார்களாம். அவள் நீட்டும் ரூபாய் நோட்டையும் நம்பமாட்டார், கள்ள நோட்டாக இருக்கலாமாம். அவர் நம்பியது டீக்கடையில் பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டியை மட்டும்தான். ஜெயக்கொடி கடைக்கணக்கில் பணம் போட்டாள். பெட்டி சொன்னது. கோதண்டராமன் அந்தத் தொகையைத் தன் கல்லாவிலிருந்து சுந்தரமூர்த்திக்கு எடுத்துக் கொடுத்தார். மாவில் பாதியை ராஜம்மாள் உரிமையோடு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டாள்.

கிரைண்டர் இன்றைக்கும் ஓடுகிறது. ஊரில் யார் பழைய சாமான் வாங்கப் போனாலும் இப்போது ஜெயக்கொடி துணைக்குப் போகவேண்டியிருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு வெண்மதிக்குக் கட்டில் பார்க்கப் போனபோது, பார்த்திபனை அதில் படுக்கவைத்துச் சோதித்தாள். காலையெல்லாம் மூட்டை தூக்கியவன், அப்படியே தூங்கிவிட்டான். கட்டில்காரர் ஒரு பக்கமும் ஜெயக்கொடி ஒரு பக்கமும் காவல் நிற்க, அவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

"கட்டில் நல்ல கட்டில்தான்" என்றாள் வெண்மதி.