பேனாட்டின் இரட்டைக்குழல்

ஜெர்மனியில், இந்த டோர்ட்மண்டில் பேனாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் காட்டில் அவன் துவக்கு ஏந்தி நின்றதைப் பார்த்த தமிழன் நான் ஒருவன்தான். ஆகவே அவனைப் பற்றி எழுத எனக்குத்தான் உரிமை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு வராது. ஆனால் அந்தப் படித்தவர்களில் சிலபேர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய புதிதில் என் கடையில்தான் வெங்காய மூட்டை இறக்கினார்கள். அதையும் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

பேனாட் மன்னார்ப் பக்கத்து ஆள், கத்தோலிக்க வேதக்காரன். இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவி சிசிலி ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள். மகள் கலியாணம் முடித்து ஆஹெனில் இருக்கிறாள். குடி இல்லை, காசுக்குக் கடுதாசி விளையாட்டு இல்லை, ஊர்வம்பு இல்லை. அவனுக்கு இருந்தது ஒரேயொரு பைத்தியம். இரட்டைக்குழல் ரைபிள்.

தெரியாதவர்களுக்காக விளங்கப்படுத்துகிறேன். வேட்டைக்காரர் வழக்கமாக வைத்திருக்கிற ரைபிளுக்கு ஒரு குழல்தான். ஒரு வெடி வைத்த பிறகு பிடியை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்கு வரும். அதற்குள் பன்றி ஓடிவிடும், இல்லாவிட்டால் ஆளின் மேல் ஏறிவிடும். இரட்டைக்குழலில் இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விரலால் இழுக்கிற விசையும் இரண்டு. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. விரலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் போதும், இரண்டாவது வெடி. இழுவை இல்லை, சத்தம் இல்லை. ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும். ஒரே கட்டையில் பூட்டிய இரண்டு துவக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒத்தைக்குழல்காரனுக்கு ஒரு வெடிதான் அரியண்ணை," என்பான் பேனாட் என்னிடம். "அது பிழைச்சா அவன் செபம்தான் சொல்லவேணும்."

சும்மா சொன்னதல்ல. அவனுடைய தகப்பனிடம் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. வயலுக்கு வந்த பன்றிக்கு வைத்த வெடி சரியான இடத்தில் படவில்லை. அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் பன்றி வந்து தொடையைக் கிழித்துவிட்டது. பேனாட் மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மனிதர் சாகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வரம்பில் நடக்கவும் இல்லை. துவக்கைப் பிறகு சண்டைக்கென்று இயக்கப் பெடியன்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதோடு தகப்பனிடம் அந்த ஒரு வெடியும் இல்லை. பேனாட்டின் பைத்தியம் அங்கே பிடித்தது.

எங்கள் சனம் விடுமா. கேவலார் மாதா கோயில் திருவிழாவில் வைத்து ஒருவன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்து அகதியெண்டு அசூல் அடிச்சவர், இப்ப துவக்குக்கு லைசென்ஸ் கேட்டு நிக்கிறார்."

பேனாட் சிரித்துக்கொண்டே, "நான் பயந்தது மற்றவன்ர துவக்குக்கு," என்றான்.

சிசிலிக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்டுக்குள்ள துவக்கு வந்தா நான் மகளிட்டப் போயிருவன்," என்றாள். துவக்கு வந்தது. அவள் போகவில்லை. ஆனால் அது இருக்கிற நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கவும் இறங்கமாட்டாள்.

இந்த நாட்டில் வேட்டை அனுமதிக்குப் பரீட்சை எழுதவேண்டும். வெள்ளைக்காரனே அதற்குப் பயப்படுவான். பேனாட் முதல்தரம் தவறிவிட்டான். கடைக்கு வந்து மிளகாய்த்தூள் அடுக்குக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "நான் ஒரு பரீட்சையும் எழுதாமல் ரெண்டு கடை போட்டவன், நீ ஒரு பரீட்சைக்கு அழுறாய்," என்று பேசி அனுப்பினேன். இரண்டாந்தரம் பாஸ் பண்ணினான். என் பேச்சுத்தான் வேலை செய்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

ரைபிளை ஒரு வேட்டைக்காரரின் விதவை மனைவியிடம் வாங்கினான். துவக்குச் செய்வதற்குப் பேர்போன சூல் நகரத்தில், பழைய கைவேலைக்காரர் செய்தது. வால்நட் மரக்கட்டை. இரும்புத் தகட்டின் ஒரு பக்கம் மான், மறுபக்கம் பன்றி செதுக்கியிருந்தது. நிலவறையில் இரும்புப் பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தான். குழலை மடித்துத் திறந்தேன். மூடினேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. என்னிடம் பென்ஸ் இருக்கிறது, புதிதாக எடுத்தது. அதன் கதவு சாத்துகிற சத்தத்துக்காகவே எடுத்தேன். இது அதைவிட நல்ல சத்தம். பொய் சொல்லமாட்டேன், ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது.

"இனி என்ன, போய்ச் சுடு," என்றேன்.

"எங்க அண்ணை சுடுறது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே காடு சும்மா கிடக்கிற காடு இல்லை. ஒவ்வொரு துண்டுக் காட்டின் வேட்டையையும் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார். அவர் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் அனுமதி அட்டையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பேனாட்டை யார் கூப்பிடப் போகிறார்கள். சில வருஷம் அந்த ரைபிள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வேலையால் வந்து, கைகால் கழுவி, நிலவறைக்கு இறங்கி, மருந்தில்லாத வெறுந்தோட்டா போட்டுச் சுவரைக் குறிவைத்துப் பழகுவான். முன்விசை, பின்விசை. முன்விசை, பின்விசை. மேலே சமையலறையில் நின்ற சிசிலிக்கு இரண்டு டிக் கேட்கும். "பேனாட்டுக்குப் பொழுதுபட்டிட்டுது," என்பாள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். சவர்லாண்ட் மலைப்பக்கம் ஹென்னெக்க என்று ஒரு வெள்ளைக்காரர், பெரிய காட்டுத்துண்டைக் குத்தகைக்கு வைத்திருக்கிறார். அவர் சுடுகிற பன்றியை நான்தான் வாங்குகிறேன். எங்கள் சனம் பன்றி இறைச்சி என்றால் கடைவாசலில் வந்து நிற்கும். "அங்கிள், பண்டி வந்திட்டுதோ," என்று போனுக்கு மேல் போன். அவரிடம் பேனாட்டைப் பற்றிச் சொன்னேன். நான் கேட்டால் இல்லை என்று சொல்ல ஆட்கள் யோசிப்பார்கள்.

ஹென்னெக்க யோசித்துவிட்டுச் சொன்னார். "நவம்பரில் கூட்டு வேட்டை வைக்கிறோம். வரட்டும். ஒழுங்காக நடந்துகொண்டால் என் காட்டுக்கு வந்துபோக எழுத்தில் அனுமதி தருகிறேன். அவர் சாகும்வரைக்கும் வரலாம்."

பேனாட்டிடம் சொன்னபோது அவன் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பென்சன் எடுக்கக் கொஞ்சக்காலம்தான் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காட்டுக்குப் போகலாம். அவனுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வேட்டை நாளன்று என் காரில் போனோம். வழியெல்லாம் பாடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"சின்னன் முதல், பெரிசு பிறகு. குட்டியோட வாற தாயைச் சுடவே கூடாது. அது இங்கத்தைச் சட்டம் அண்ணை, பெரிய குற்றம். குட்டியைத்தான் முதல் சுடவேணும்."

"குட்டியைச் சுடுறதோ. பாவமெல்லே."

"தாய் செத்தாக் குட்டியள் பனியில விறைச்சுச் சாகும். அதாலதான். எங்கட ஊரில மறுவளம். குட்டியளை விட்டிட்டுப் பெரிசைச் சுடு எண்டுவார் அப்பா. குட்டியைச் சுட்ட கையால சோறு தின்னக்கூடாதாம். அங்க சூடு, குட்டியள் எப்பிடியும் பிழைச்சிடும்."

"ரெண்டையும் போட்டுக் குழப்பாதை," என்றேன்.

"நான் பாஸ் பண்ணினனான் அண்ணை."

காட்டுவாசலில் வேட்டைக்காரர் வட்டமாக நின்றார்கள். ஊதுகொம்பு ஊதினார்கள். ஹென்னெக்க எல்லாருக்கும் அதே சட்டத்தை இன்னொருதரம் சொன்னார். பேனாட் தலையாட்டினான். சிலபேர் வந்து அவனுடைய ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்து விசிலடித்தார்கள். ஒரு கிழவர், "இப்படி ஒன்று என் அப்பாவிடம் இருந்தது," என்றார். பேனாட்டின் காது சிவந்துவிட்டது. இந்த நாட்டுக்காரர் அவனைச் சமமாகப் பார்த்த நேரம் அது ஒன்றுதான்.

புதருக்குள் சத்தம் போட்டுப் பன்றி கலைக்க நானும் போகிறேன் என்றேன். என் வயதைக் கேட்டுவிட்டு ஹென்னெக்க மறுத்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, பன்றி கலைக்கப் போன பெடியன்களைவிட நான் நன்றாக நடப்பேன். சரி என்று பேனாட்டோடு அவனுடைய பரணில் ஏறி நின்றேன். பரண் என்றால் நாலு தடியில் இடுப்பளவு உயரம், அவ்வளவுதான். முன்னால் ஒரு வெட்டவெளி, அதற்கு அப்பால் இளம் ஊசியிலை மரங்கள்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. தூரத்தில் நாய் குரைத்தது, வெடி கேட்டது. பிறகு மரங்கள் அசைந்தன.

தாய்ப்பன்றி முன்னால் வந்தது. பின்னால் நாலு குட்டி, முதுகில் கோடு இன்னும் அழியாத சின்னக் குட்டிகள். பிந்திப் பிறந்தவை. ஓடவில்லை, நடந்துதான் வந்தன. பேனாட் ரைபிளைத் தோளில் வைத்தான். குழல்வாய் முன்குட்டியோடு சேர்ந்து போனது. சுடவேண்டிய நேரம் வந்தது, போனது. பிறகு குழல்வாய் ஒரு சாண் முன்னுக்கு நகர்ந்ததை என் கண்ணால் கண்டேன். வெடித்தது.

தாய் விழுந்தது. ஒரே வெடி, சரியான இடம்.

குட்டிகள் சிதறி ஓடின. கொஞ்சத்தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தன. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

பேனாட் குட்டிகளைப் பார்த்தான். "என்ர மாதாவே," என்றான். "கை தானாப் போயிட்டுது அண்ணை."

"இப்ப என்ன செய்யிறது."

"குட்டியளைச் சுடவேணும். அதுகளுக்கும் அதுதான் நல்லம்."

"அப்ப சுடு. மற்றக் குழல் இருக்கெல்லே."

அவனுடைய விரல் பின்விசைக்குப் போனது. நிலவறையில் அத்தனை வருஷம் பழகிய விரல், பிசகாமல் போனது. போய் அங்கேயே நின்றது. குட்டிகளும் நின்றன.

"ஏலாது அண்ணை," என்றான்.

நாய்கள் வந்தன. குட்டிகள் மரங்களுக்குள் ஓடி மறைந்தன.

முடிவுக்கொம்பு ஊதிய பிறகு ஹென்னெக்க வந்தார். குந்தியிருந்து தாய்ப்பன்றியின் முலைக்காம்பை அழுத்தினார். விரலில் வந்ததைப் பேனாட்டுக்குக் காட்டினார். பால்.

"எத்தனை குட்டி," என்று கேட்டார்.

"நாலு."

ரைபிளை வாங்கித் திறந்தார். வலக்குழலில் வெடித்த தோட்டாவின் வெறுங்கோது. இடக்குழலில் தோட்டா அப்படியே பளபளத்தது. அதைத்தான் அவர் கனநேரம் பார்த்தார்.

"இது இருந்தும் ஏன் சுடவில்லை," என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பேனாட் என்னைப் பார்த்தான். தகப்பன், சோறு, மன்னார் வெயில், இதையெல்லாம் எந்த ஜெர்மன் வார்த்தையில் சொல்வது. எனக்கும் வரவில்லை.

பொழுதுசாய விழுந்த மிருகங்களை ஊசியிலைக் கொப்புகளில் வரிசையாகக் கிடத்தினார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பச்சைக் குச்சி, அதற்குக் கடைசி உணவு. சுட்டவனின் தொப்பியிலும் ஒரு குச்சி செருகிக் கைகொடுப்பார்கள். அது இவர்களுடைய மரியாதை. தாய்ப்பன்றியின் வாயிலும் குச்சி வைத்தார்கள். பேனாட்டின் தொப்பிக்கு ஒன்றும் வரவில்லை. காலையில் ரைபிளைத் தடவிப் பார்த்த கிழவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய்களோடு இரண்டுபேர் குட்டிகளைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிரவே பனி கொட்டியது.

நடந்ததை வேட்டை அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு அறிவிக்க ஹென்னெக்கவுக்குக் கடமை இருந்தது, அறிவித்தார். அவரிடம் மூன்றுதரம் போனேன். என் வாழ்க்கையில் ஒருவரிடமும் அப்படிப் போய் நின்றதில்லை. "அரி, உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காட்டில் இனி அவரை நிறுத்தமாட்டேன்," என்றார். என் பேச்சு எடுபடவில்லை. பேனாட்டின் வேட்டை அனுமதியை ரத்துச் செய்தார்கள். அனுமதி இல்லாத வீட்டில் ரைபிள் இருக்கக்கூடாது. குறித்த நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சவர்லாண்ட் பக்கம் இருந்த துவக்குக் கடைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் குழல்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள்," என்றாள். தோட்டாப் பெட்டியையும் வாங்கி எண்ணினாள். பேனாட் எழுதிக்கொடுத்த கணக்குக்கு ஒன்று குறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பேனாட் கோட்டுப் பைக்குள் கைவிட்டு அன்றைக்கு வெடிக்காத அந்த இடக்குழல் தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தான். அது சூடாக இருந்திருக்கும், அவ்வளவு நேரமும் பொத்திக்கொண்டுதான் வந்தான்.

திரும்புகிற வழியில் ஹென்னெக்கவின் காடு வரும். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ," என்றான். நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பனி மூடிய வெட்டவெளியை எட்டிப் பார்த்தான். ஒரு தடமும் இல்லை.

"வேற தாயோட சேர்ந்திருக்குங்கள்," என்றேன், சும்மா.

"சேர்க்காது அண்ணை. பரீட்சையில அதுவும் கேட்டவங்கள்."

வந்து ஏறினான். கதவைச் சாத்தினான்.

இப்போது பென்சன் எடுத்துவிட்டான். கேவலாருக்கும் வருவதில்லை. அந்த இரும்புப் பெட்டி நிலவறையில்தான் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. எலி போகாது என்று சிசிலி அதற்குள் அரிசிமா வைக்கிறாள். மா எடுக்க அவள்தான் இறங்கிப் போகிறாள். அவன் இறங்குவதில்லை.