டோக்கன் இல்லாத பிளாப்பி

அடுத்தவர் சாமானுக்குக் காவல் இருக்கிற வேலையில் தவறாமல் கிடைப்பது திட்டு ஒன்றுதான். நீங்களும் எங்காவது பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர் என்றால் மேலே படியுங்கள், உங்கள் வயிற்றெரிச்சலும் இதில் இருக்கும்.

கொட்டகையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தர்மபுரியில் ஒரு சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் பல வருடம் வெயிலில் நின்றவன். டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்தால் யாராக இருந்தாலும் வண்டி தர மாட்டேன். பின்னாளில் எனக்கு வேலை கொடுத்த அந்தோணி சாருக்கே ஒருமுறை தரவில்லை, நடந்துதான் போனார். எண்பதுகளின் கடைசியில் அவர் கடைவீதி மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்தபோது, அதை ஞாபகம் வைத்திருந்து என்னைக் கூப்பிட்டு பீரோ சாவியைக் கையில் கொடுத்தார்.

அங்கே ஒரு மாம்பழக் கூழ் ஆலைக்காக, லாரி எடையைக் கணக்குப் போட்டுச் சீட்டு அடிக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவன் இண்டூர் விவசாயக் குடும்பத்து மாதேஷ், இன்னொருத்தி ஸ்டெல்லா. புரோகிராம் எடை, விலை, சீட்டு என்று மூன்று பகுதி. பகுதிக்கு ஒரு பிளாப்பி, எழுதியதைப் பதிந்து வைக்கிற தகடு, அப்பளம் மாதிரி மெலிசாகக் கறுப்புச் சதுர உறைக்குள் இருக்கும். இருவரும் ஒரே பகுதியில் கை வைத்து ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டார்கள். அதைத் தடுக்கத்தான் நான். சீசனின் முதல் லாரி வருவதற்குள் இது ஓடவில்லை என்றால் ஆபீசைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று அந்தோணி சார் முதல் நாளே சொல்லிவிட்டார். பூட்டினால் எனக்கு மறுபடி வெயில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே முறையைக் கொண்டுவந்தேன். பிளாப்பி எடுப்பவர் கையில் ஒரு தகர டோக்கன், அதன் ஜோடி என் ஆணியில். டோக்கன் திரும்பி வரும்வரை அந்தப் பகுதியை வேறு யாரும் தொடக் கூடாது. திருத்திக் கொண்டுவந்தால் புதியது மேல்தட்டுக்கு, பழையதன் நகல் கீழ்த்தட்டுக்கு. டோக்கனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாதேஷ் சொன்னான்: "அண்ணே, இது பிளாப்பிங்க, சைக்கிள் இல்லீங்க. காத்தா எறங்கிடப்போவுது?"

இண்டூரில் ஒரு பொட்டு

எடைப் பகுதியை எடுத்த மாதேஷ் ஒருநாள் பிளாப்பி, டோக்கன் இரண்டையும் சட்டைப் பையோடு ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். மாரியம்மன் பண்டிகையாம். இங்கே அதே பகுதி வேண்டியிருந்த ஸ்டெல்லா வேலையில்லாமல் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். வேலையை முடக்கியவன் அவன், முறைப்பு எனக்கு. பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இண்டூர் போனேன்.

பிளாப்பி சாமி படத்துக்கு அடியில் இருந்தது. மகனுக்குச் சம்பளம் தருகிற சாமான் என்று தெரிந்ததும், அவன் ஆத்தா அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்திருந்தார். பிளாப்பியில் தகடு வெளியே தெரிகிற ஒரு நீளத் துளை உண்டு, விரல்கூடப் படக் கூடாத இடம் அது. பொட்டு நேராக அதன்மேல். கம்ப்யூட்டர் அதைப் படிக்க மறுத்துவிட்டது. கீழ்த்தட்டில் இருந்த பழைய நகலை எடுத்து, மாதேஷ் தான் செய்த வேலையையே மறுபடி முதலிலிருந்து செய்தான். இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு ஆத்தாவிடம் நான் கோபத்தை அடக்கிக்கொண்டு, இனிமேல் வைப்பதானால் காகிதம் ஒட்டியிருக்கும் மூலையில் மட்டும் வையுங்கள் என்று தொட்டுக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு போடற சாமானுக்கு ஒரு பொட்டு வெக்க எடமில்லாத செஞ்சிருக்காங்க பாரு."

ஒரே நம்பரில் இரண்டு வண்டி

சைக்கிளில் ஒரு நல்ல குணம், அதை நகல் எடுக்க முடியாது. இந்தப் பாழாய்ப்போன பிளாப்பியை எடுக்கலாம். எடைப் பகுதி மாதேஷின் டோக்கனில் இருந்தபோதே, அவன் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டெல்லா அவன் மேஜையிலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். எண்கள் சீட்டில் கோணலாக விழுகின்றனவாம், வரிசைப்படுத்த வேண்டுமாம். அவனோ அதே பகுதியில், பழத்தை இறக்கிய பிறகு வெற்று லாரியின் எடையைக் கழிக்கிற கணக்கைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவன் பிளாப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு டோக்கனையும் கொடுத்துவிட்டுப் போனான். பின்னாலேயே இவள் வந்து இன்னொன்றை நீட்டினாள், டோக்கன் இல்லாமல்.

வாங்க மாட்டேன் என்றேன். அவள் அந்தோணி சாரிடம் போனாள். அவர் சீட்டைப் பார்த்தார், வரிசை அழகாக இருந்தது. மேல்தட்டில் இதையே வையுங்கள் என்றார். மாதேஷுடையது கீழே போயிற்று. அதில் இருப்பது இதில் இருக்காதே என்று நான் கேட்டேன். கேட்டதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஸ்டெல்லா என்னைச் சமாதானம் செய்கிற குரலில் சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணே. நான் கொஞ்சமா மாத்தியிருக்கேன், அவ்ளோதான்."

கீழ்த்தட்டு காலியான கதை

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். காலி பிளாப்பி தீர்ந்துவிட்டது, புதியது வாங்கப் பெங்களூர் போக வேண்டும், போக நேரமில்லை. அந்தோணி சார் மாற்றுச் சாவியால் பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டில் இருந்த பழையதையெல்லாம் எடுத்து அழித்துக் காலி பிளாப்பியாக்கிக் கொடுத்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது கீழ்த்தட்டில் ஒரு கரப்பான்பூச்சி மட்டும் இருந்தது.

பழையது எதற்கு வைத்திருந்தோம் தெரியுமா, புதியது கெட்டால் திரும்பிப் போவதற்கு என்றேன். சைக்கிள் ஸ்டாண்டில் இதைச் செய்திருந்தால் அடி விழுந்திருக்கும் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். "முனுசாமி, புதுச் சட்டை போட்டவன் கிழிஞ்ச சட்டையத் தேடுவானாய்யா?"

முதல் லாரி

ஆபீசில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக ஓடியது. ஆபீசில் லாரி ஏது? வெற்று லாரி எடை என்று கேட்ட இடத்தில் பூஜ்யம் அடித்துச் சோதித்திருந்தார்கள். ஆலையில் நிஜமான லாரி எடைமேடையில் ஏறியது, பழத்தை இறக்கியது, காலியாகத் திரும்பி ஏறியது. சீட்டு வந்தது. வரிசை அழகாக இருந்தது. லாரியின் எடை மட்டும் கழியவில்லை. பழம் கொண்டுவந்தவர் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆலை முதலாளி அதைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பின்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மாதேஷ், நான் கழித்திருந்தேனே என்றான். ஸ்டெல்லா, நான் அதைத் தொடவே இல்லை என்றாள். அந்தோணி சார் என்னைப் பார்த்து, பழையது எங்கே என்று கேட்டார். அவர்தான் கேட்டார், அழித்தவர். அன்று சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் சேலத்து கம்ப்யூட்டர்காரனைக் கூப்பிடப்போவதாக முதலாளி சொன்னார். அந்தோணி சாரின் முகத்துக்கு நேராகச் சீட்டை ஆட்டினார். "லாரியையும் சேத்துப் புழிஞ்சு கூழ் எடுக்கச் சொல்றீங்களா?"

சாமி படத்துக்கு அடியில்

அப்போதுதான் மாதேஷ் தலையைச் சொறிந்தான். பண்டிகையில் செய்த வேலையெல்லாம் அழிந்துபோனதிலிருந்து பயந்து, எதைத் திருத்தினாலும் எனக்குத் தெரியாமல் ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுவானாம். கழித்த கணக்கும் அதில் இருக்குமாம். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தோணி சார் ஸ்கூட்டரைக் கொடுத்து இண்டூருக்கு விரட்டினார். அவன் வரும்வரை ஆலைக்காரர்கள் கையாலேயே சீட்டு எழுதினார்கள், நாங்கள் மூவரும் மாங்கொட்டை நாற்றத்தில் நின்றோம்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டான். பிளாப்பியை முதலில் நான்தான் வாங்கினேன். துளை சுத்தமாக இருந்தது, மூலைக் காகிதத்தில் மட்டும் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு. அடுத்த சீட்டில் லாரி கழிந்துவிட்டது, எண்கள் கோணலாக இருந்தன, முதலாளி கோணலைப் பார்க்கவில்லை. ஆபீஸ் தப்பியது. அந்தோணி சார் மாதேஷுக்குக் கைகொடுத்தார், ஸ்டெல்லாவுக்கும் கொடுத்தார், என்னிடம் வந்து அந்த பிளாப்பிக்கு ஏன் டோக்கன் இல்லை என்று கேட்டார். நான் அவனைப் பார்த்தேன். அவன் சொன்னான்: "சைக்கிள்காரரு காட்டின எடத்துலதான் பொட்டு வெச்சிருக்கேன்னு ஆத்தா சொல்லச் சொன்னாங்கண்ணே."

டோக்கன் இல்லாத வண்டியைத் திருட்டு வண்டி என்று சொல்லியே வயதானவன் நான், என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது அப்படி ஒரு வண்டிதான் என்பதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.