தண்ணீர் வேண்டாத பெட்டி

அடையாறில் ஓர் ஆய்வகத்தில் நானும் ஒரு தோழியும் ஒரே லேசரைப் பங்குபோட்டு வேலை செய்தோம். எங்கள் மேசையில் இருந்தது நகத்தளவு படிகம். அதனுள் மின் துருவங்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். வழக்கமாக மின்னழுத்தம் கொடுத்துத்தான் திருப்புவார்கள். நாங்கள் கம்பியே இல்லாமல், கண்ணிமைப்பதைவிடப் பலகோடி மடங்கு குறுகிய ஒளித்துடிப்பால் திருப்பப் பார்த்தோம். மாதக்கணக்கில் அது அசையவே இல்லை.

காரணம் தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை நீராவி விழுங்கிவிடும். சென்னைக் காற்றில் அதற்கா பஞ்சம்? ஒளி போகும் வழியை ஒரு பெட்டியால் மூடி, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை நிரப்ப வேண்டியிருந்தது.

தோழி கோடம்பாக்கத்துக்காரி. சினிமா செட்டுக்கு அக்ரிலிக் வெட்டித் தரும் கடைக்கு அழைத்துப்போனாள். கடைக்காரர் எங்கள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, மீன் தொட்டியா?"

"இல்லண்ணா. உள்ள சொட்டு ஈரம்கூட இருக்கக்கூடாது," என்றாள் அவள்.

"தண்ணி இல்லாம மீன் எப்டிமா இருக்கும்?"

"மீனே இல்லண்ணா. உள்ள வெளிச்சம் மட்டும்தான் போவும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்தப் படத்துக்கு மேடம்?"

வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் கடைக்காரர் பெட்டியின் மூலைகளைப் பிசிறில்லாமல் ஒட்டிக் கொடுத்தார்.

பெட்டியைப் பொருத்தி, காலையிலிருந்து நைட்ரஜனை ஓடவிட்டோம். ஈரம் குறையக் குறைய ஒளித்துடிப்பு வலுவானது. மதியம் சோதனையைத் தொடங்கியதும் கணினித் திரையில் துருவத்தின் திசையைக் காட்டும் கோடு சரிந்து, ஒரு கணம் தலைகீழாகப் புரண்டு, பழைய இடத்துக்கே வந்தது. அந்த ஒரு கணம் படிகத்தின் துருவம் திசை மாறியிருந்தது! நம்பாமல் மறுபடி ஓட்டினோம். அதேதான். தோழி என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். என் கணவரும் வந்து சேர்ந்தார்; நடந்ததைச் சொன்னோம்.

"திரும்பினது அப்படியே நிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல, உடனே பழையபடி வந்துடுச்சு," என்றேன்.

"அப்புறம் எதுக்கு இவ்ளோ சந்தோஷம்?"

"நீங்க வேற!" என்றாள் தோழி. "இத்தன நாளா அசையவே இல்ல. இன்னிக்குத் திரும்பிச்சில்ல? நிக்க வைக்கறதுதான் அடுத்த வேலை."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, இன்னொரு தட்டு பஜ்ஜி வாங்கப் போனார். நாங்கள், திரும்பிய துருவத்தை நிற்க வைக்க இரண்டாவதாக ஓர் ஒளித்துடிப்பை எப்போது அனுப்புவது என்று, அலைச் சத்தத்துக்கு மேல் கத்தி வாதாட ஆரம்பித்திருந்தோம்.