தோல்விகள்: இல்லை

படிவம் நிரப்புவதில் மன்னாரில் எங்கள் பள்ளிமுனை ஆட்களை வெல்ல எவராலும் முடியாது என்று நான் பெருமைப்பட்ட காலம் ஒன்று உண்டு. மீள்குடியேற்றம் தொடங்கிய நாளிலிருந்து தகரத்துக்கு ஒரு படிவம், மலசலகூடத்துக்கு ஒரு படிவம், ஆட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று என்று எழுதி எழுதிக் கைதேர்ந்திருந்தோம். ஒரு கட்டத்தைப் பார்த்தாலே அதற்குள் எவ்வளவு கண்ணீர் கொள்ளும் என்று சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட எங்களைப் பதினொரு பக்கப் படிவம் ஒன்று குப்புற விழுத்தியது.

எங்களை என்றால், என்னையும் என் மச்சாளையும். மச்சாள் என் கணவருடைய அக்கா. கருவாடு போட்டு விற்பவள். நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மின்னணுவியல் டிப்ளோமா ஒன்றையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவள். வீட்டு முன்னறையில் மேசையொன்றைப் போட்டு, செல்போனும் சோலார் விளக்கும் திருத்திக்கொண்டிருந்தேன். டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் மச்சாள் பாயில் பரப்பியிருந்த நெத்தலியைக் காகங்கள் கொத்திக்கொண்டு போயின. மிச்சத்தின் மேல் காற்று மணலை வாரியடித்தது. அவள் நேரே என் மேசைக்கு வந்து சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"மச்சாள், உன்ரை அந்தப் பேப்பரால ஒரு காகத்தையாவது கலைக்க ஏலுமோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் உலர்த்திப் பெட்டி. அலுமினியத் தகட்டில் ஆளுயர அலுமாரி, மேலே கண்ணாடி, உள்ளே கம்பித் தட்டுகள், பழைய கணினியொன்றில் கழற்றிய விசிறி, அதைச் சுழற்ற ஒரு சோலார் பனல், மீனின் ஈரத்தைப் பார்த்துக் காய்ந்ததும் கீச்சிடும் சின்னக் கருவி. தொழில் இருவருக்கும் பொது என்று பேசிக்கொண்டோம். மூளை என்னுடையது, மீன் அவளுடையது. நட்டமெல்லாம் மீன் பக்கமே விழும் என்பதை அப்போது அவள் யோசிக்கவில்லை.

முதல் தடவை பெட்டி சூடேறி நெத்தலியை உலர்த்தாமல் அவித்துவிட்டது. அதையும் வீணாக்காமல் மூன்று நாள் அதே கறி சாப்பிட்டோம். பிறகு சோளகக் காற்றில் உப்பு ஏறி விசிறி இறுகிப்போனது, கட்டா மீனில் புழு வைத்தது. பிறகு ஈரங்காட்டி பொய் சொல்லத் தொடங்கியது. உள்ளே சொட்டச் சொட்ட ஈரமிருக்க, காய்ந்துவிட்டது என்று உற்சாகமாகக் கீச்சிட்டது. அதையும் திருத்தி நிமிர்ந்தபோது மன்னார்த் தெருக்களின் சொந்தக்காரரான கழுதையார் ஒருவர் வந்து, பெட்டியின் மூலையில் முதுகு தேய்த்தார். கண்ணாடி போயிற்று. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த நேரத்தில் பிரதேச செயலகத்துப் பலகையில் அறிவித்தல் வந்தது. சிறிய தொழில்நுட்ப முயற்சிகளுக்கு அரசாங்கத்தின் ஆய்வு மானியம். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு நேர்முகத்துக்கு வர வேண்டும், குழு கொழும்பிலிருந்து வரும். நான் துள்ளினேன். மச்சாள் துள்ளவில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கணக்கைச் சொல்வதற்கு அவளுடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் அண்ணை என்று அழைப்பேன். போர் முடிகிற நேரம் வன்னியிலிருந்து சனங்களோடு சனமாக வெளியே வந்தபோது இராணுவம் பதிவொன்று நடத்தியது. தொழில் என்ற கட்டத்தில் அண்ணை உள்ளதை உள்ளபடி, 'எஞ்சின் திருத்துதல்' என்று எழுதினார். யாருடைய எஞ்சின் என்று கேட்டார்கள். கொண்டுவந்தவர்களின் எஞ்சினையெல்லாம் திருத்தினேன் என்று அதற்கும் உண்மையே சொன்னார். சின்ன விசாரணை என்று ஏற்றிப்போன பஸ் இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அவரைத் திருப்பி இறக்கியது. வந்தவர் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கேட்டதற்கு ஓம், இல்லை என்பார். ஒரு கருவியையும் தொடமாட்டார். எஞ்சின் திருத்தக் கூப்பிட்டு வந்தவர்களை மச்சாள்தான் ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஆகவே அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தாள். ஏஜென்சிக்காரனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்தாயிற்று. கொழும்பில் மெடிக்கலுக்கு நாளும் குறித்தாயிற்று. இந்த மானியம் கிடைத்துப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் நிற்பாள், இல்லாவிட்டால் போவாள். எனக்கோ அவள் போய்விட்டால் மீனும் இல்லை, பெட்டியும் இல்லை, வாய் கொடுத்துச் சண்டை பிடிக்க ஓர் ஆளும் இல்லை. அண்ணையை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

படிவம் நிரப்ப உட்கார்ந்தோம். பழக்கதோஷம் விடுமா? 'முயற்சியின் பின்னணி' என்ற இடத்தில் எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம், எந்த ஊரில் எத்தனை கோழியை விட்டுவிட்டு ஓடினோம் என்று விலாவாரியாக எழுதினோம். கிராம அலுவலரின் கடிதம், குடும்ப அட்டைப் பிரதி, நாங்கள் ஒழுங்காகப் பூசைக்கு வருகிற வறிய குடும்பம் என்று பங்குத் தந்தை கொடுத்த நற்சான்று, எல்லாவற்றையும் பின்னால் குத்தினோம். விசிறியின் வேகத்தைப் பற்றிப் பங்குத் தந்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் குத்தியிருப்போம்.

ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றது. 'பரிசோதனைகளில் ஏற்பட்ட தோல்விகளும் அவற்றுக்கான காரணங்களும்' என்று மேலே எழுதி, முழுப் பக்கத்தையும் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

"இல்லை எண்டு எழுது," என்றாள் மச்சாள்.

"இல்லையெண்டு எப்பிடி எழுதிறது? நாலு தரம் பழுதாப்போச்சுதே."

"கவுண்மேந்துப் பேப்பரில கேட்டா, எல்லாத்துக்கும் இல்லை. குடுக்கிற சாமானுக்கு மட்டும் ஓம். உனக்கு இதுகூடத் தெரியாதே?"

தெரியாமல் என்ன? முகாமில் கணக்கெடுக்க வருபவர்களிடம் வெளியூர் போனாயா, இல்லை, யாராவது வந்தார்களா, இல்லை, குறை ஏதும் உண்டா, இல்லை என்று சொல்லியே வளர்ந்தவள் நான். டிப்ளோமா ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். 'இல்லை' என்று அழகான எழுத்தில் எழுதி, கீழே கோடும் இழுத்தேன். மிச்சப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பார்க்கத் துப்புரவாக இருப்பதாக மச்சாள் பாராட்டினாள்.

நேர்முகத்துக்கு அவள் திருநாளுக்கு உடுக்கிற சேலையில் வந்தாள். கச்சேரி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த சிங்களப் பேராசிரியர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் இளம் தமிழ் உத்தியோகத்தர், ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டேயிருந்த இன்னொருவர். பேராசிரியர் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு சிரித்தபடி ஏதோ சொன்னார்.

"அக்கா, சேர் கேக்கிறார், எல்லாம் இவ்வளவு சரியா வேலை செய்யுதெண்டா ஆய்வுக்கு எதுக்குக் காசு? நேரா விக்கத் தொடங்கலாம்தானே?"

எழுதியதைக் காப்பாற்ற வேண்டுமே. "ஓம் சேர். எங்கட பெட்டி ஆரம்பத்தில இருந்தே மிகச் சிறப்பாத்தான் இயங்குது," என்றேன். பாடப்புத்தகத் தமிழில் நாலைந்து வசனம் சேர்த்தும் விட்டேன். பெட்டியில் இட்ட மீன் ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று நான் முடித்ததுதான் தாமதம், மச்சாள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன, கெட்டதில்லையோ? என்ரை கட்டா முழுக்கப் புழு வைச்சது ஆரின்ரை பெட்டியில? நெத்தலியை அவிச்சு மூண்டு நாளாத் தின்ன வைச்சது ஆர்? சேர், நீங்கள் இவளின்ரை கதையைக் கேக்காதேங்கோ. சோளகம் அடிச்சா விசிறி சுத்தாது. உப்பு அப்பிடியே உள்ளுக்கை போய்ப் பிடிச்சிடும். ஈரத்தைப் பாக்கிற சாமான் ஒரு சரியான பொய்க்காரன். கழுதை சாஞ்சா கண்ணாடி உடையுது. கழுதை சாயாத பெட்டி செய்யத் தெரியாட்டி மன்னாரில என்னத்துக்குப் பெட்டி?"

மொழிபெயர்க்கிற பிள்ளை திணறிப்போய் அதையெல்லாம் ஒரே வசனத்தில் முடித்தாள். பேராசிரியர் விடவில்லை. எந்தக் காற்று, எந்த மாதம், தட்டுக்கு எவ்வளவு மீன், மேல்தட்டு முதலில் காய்ந்ததா, கீழ்த்தட்டா என்று கேட்டுக்கொண்டே போனார். மச்சாளும் விடவில்லை. அவளுடைய மீன் அல்லவா, ஒவ்வொன்றின் சாவையும் நினைவில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்து என் மானம் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் அவள் மேசையைப் பார்த்தாள். மூவரின் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஏற்கெனவே இரண்டாவது தாளில் இருந்தார்.

"ஏன் எழுதுகினம்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

திரும்பும் வழியில் மீன் சந்தையைக் கடந்தபோதும் அவள் ஒருவரோடும் விலை பேசவில்லை. அவள் வீட்டு வாசலில், கதிரையில் இருந்த அண்ணையைப் பார்த்தபடி, "அவரின்ரை பேர் நான் சொல்லேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். நான் சொல்லும் 'இல்லை'யின் மதிப்பு அன்று காலையில்தான் அம்பலமாகியிருந்தது. அவள் நம்பவில்லை.

அன்று பின்னேரமே இறுகிய விசிறி, பொய்க்கார ஈரங்காட்டி, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் உரப்பை ஒன்றில் கட்டி விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். யாராவது வந்தால் பெட்டியே இல்லை என்று சொல்ல வேண்டும் என்றாள். ஆளுயர அலுமாரியை என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குள் சேலைகளை மடித்து வைத்தாள். மீன் நாற்றத்தோடு அந்தச் சேலைகளை அவள் பூசைக்கு உடுத்து வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அன்று சிரிக்கத் துணிவில்லை.

மெடிக்கல் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அரசாங்க வாகனமொன்று மச்சாள் வீட்டு வேலிக்கு முன்னால் வந்து நின்றது. நான் ஓடிப் போனபோது அவள் படலைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள். அண்ணை பின்னால் கதிரையில் இருந்தார். உள்ளே போகும்படி அவள் கண்ணால் சாடை காட்டினாள், அவர் அசையவில்லை. வாகனத்திலிருந்து பேராசிரியரும் அந்த மொழிபெயர்ப்பாளப் பிள்ளையும் இறங்கினார்கள்.

"அக்கா, சேருக்கு அந்தப் பழுதாப்போன விசிறியைப் பாக்க வேணுமாம். இருக்கோ?"

"இல்லை," என்றாள் மச்சாள். "அப்பிடி ஒண்டும் இஞ்சை இல்லை."

அப்போது அண்ணை எழுந்தார். நேரே விறகுக் குவியலுக்குப் பின்னால் போனார். உரப்பையைத் தூக்கிவந்து பேராசிரியரின் காலடியில் அவிழ்த்தார். விசிறி இரண்டு பாதியாகக் கழன்று, அதன் சின்னச் சின்ன உறுப்புகள் துணித்துண்டு ஒன்றில் வரிசையாகச் சுற்றப்பட்டிருந்தன. நாங்கள் அப்படிச் சுற்றவில்லை.

"நான்தான் கழட்டிப் பாத்தனான்," என்றார் அண்ணை. "உப்பு வெளியால போகேல்லை. அச்சுக்குள்ள எண்ணெயோட சேந்து இறுகிக் கிடக்கு. விசிறியை உள்ளுக்கை வைச்சது பிழை. காத்தை இழுக்காமல் தள்ள வேணும்."

திரும்பி வந்த நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு சொற்கள் பேசி நான் கேட்டதில்லை. பேராசிரியர் மணலில் குந்தினார். அண்ணையும் குந்தினார். பிள்ளை மொழிபெயர்ப்பதற்குள்ளேயே இரண்டு பேரும் குச்சியால் மணலில் கீறத் தொடங்கிவிட்டார்கள். என் வடிவமைப்பு முழுவதும் பிழை என்பதில் இருவருக்கும் முதல் நிமிடத்திலேயே உடன்பாடு. போகும்போது பேராசிரியர் அண்ணையின் பெயரைக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். மச்சாள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

வாகனம் போன பிறகு அவள் அண்ணையை ஏசத் தொடங்கினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா, போனமுறை பட்டது போதாதா என்று பொழுதுபடும்வரை ஏசினாள். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று, பேரைக் கேட்டுக்கொண்டு வேறெந்த வாகனமும் வரவில்லை.

மானியம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. கேட்டதில் பாதி, அதுவும் நாலு மாதம் பிந்தி. ஆனால் நான் சொல்லவருகிற திங்கட்கிழமை காலையில் அது எங்கள் எவருக்கும் தெரியாது. அன்று கொழும்பு பஸ்ஸுக்கு மச்சாளை ஏற்றிவிடுவதற்காக விடியவே எழுந்து, முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, வழியில் சாப்பிடப் பாணும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். மச்சாள் பழைய சட்டையோடு குந்தியிருந்து நெத்தலிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பஸ் வெளிக்கிடப் போகுது, மச்சாள். நீங்கள் இன்னும் உடுக்கேல்லையோ?"

அவள் தலை நிமிரவில்லை.

"அந்தாள் விடியவே எழும்பிச் சின்ன ஸ்க்ரூட்ரைவர் கேட்டுது," என்றாள். "நான் போனா ஆர் தேடிக் குடுக்கிறது?"